வெண்ணெய் நோட்டு

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. ஞாயிற்றுக்கிழமை நீ திட்டி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினெட்டு நிமிஷம். அதில் நான் சொன்னது "இல்ல சாமி", "அப்படி இல்ல சாமி" இரண்டும்தான். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உங்கம்மா உன்னிடம், "ஒங்கப்பா அஞ்சு நாள் வெறும் வெண்ணெயத் தின்னுபோட்டுச் சந்தையில விழுந்துட்டாரு" என்றாளாம். அஞ்சு நாள் இல்லை, மூன்று நாள். விழவில்லை, உட்கார்ந்தேன். வெறும் வெண்ணெயும் இல்லை, நெய்யும் தேங்காய் எண்ணெயும் உண்டு. மற்றபடி அவள் சொன்னது சரி.

பதினோரு வருஷமாகச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். சித்திரையில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி, அதுதான் எச்பிஏ1சி, 8.4. வெறும் வயிற்றில் 170க்குக் கீழே இறங்குவதில்லை. "அடுத்த தடவை வரும்போது இன்சுலின் பத்திப் பேசுவோம்" என்றார் டாக்டர். எனக்கு என் அப்பா, உன் அப்பாருவின் கால்தான் ஞாபகம் வந்தது. இரண்டு விரல், அப்புறம் பாதம். அவருக்குக் கால் போனது இன்சுலின் போட்டதால் இல்லை, போடாமல் தள்ளிப்போட்டதால் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்த வார்த்தையே பயமாக இருந்தது. பயந்தவன்தான் இந்த மாதிரி வேலையில் இறங்குவான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நம் பக்கம் மாவைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவு அலை ஒன்று அடித்ததே, வெண்ணெய் டீ, நூறு பாதாம் என்று ஊரே எண்ணிக்கொண்டிருந்ததே, அதில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவர் பொறி வைத்தார். சர்க்கரையை ஏற்றுவது சோறும் இட்லியும். பருப்பும் கறியும் கொஞ்சம் ஏற்றும். கொழுப்பு மட்டும் ஏறக்குறைய ஏற்றவே ஏற்றாது. அப்படியானால் சில நாளைக்குக் கொழுப்பை மட்டுமே சாப்பிட்டால்? பசியும் அடங்கும், சர்க்கரையும் இறங்கும். இதுதான் கணக்கு. கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

அப்பா சும்மா கிளம்பிவிடவில்லை, படித்தேன். 1920 வாக்கிலேயே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நியூபர்க், மார்ஷ் என்று இரண்டு டாக்டர்கள் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பை நிறையக் கொடுத்து, மாவுச்சத்தைக் குறைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். 1956இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் கெக்விக், பவன் என்ற இரண்டு பேர் ஒரு நாளைக்கு 1,000 கலோரி, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு கொழுப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். அதே 1,000 கலோரியை மாவாகத் தின்றபோது குறைந்ததைவிட இதில் எடை அதிகம் குறைந்ததாம். அப்புறம் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்று ஒரு என்ஜினியர். பன்னிரண்டு வயதில் சர்க்கரை வந்தவர். 1969இல் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மெஷினை ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும்தான் விற்பார்கள். அவர் மனைவி டாக்டர், அவர் பேரில் வாங்கித் தன் விரலைத் தானே குத்தி, எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று நாளெல்லாம் எழுதி வைத்தார். அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பால் சங்கத்தில் ஊரான் வீட்டு எருமைக்கெல்லாம் கொழுப்பு அளந்தவன் நான். சின்ன வயதில் நீ வந்து வேடிக்கை பார்ப்பாயே. கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், மேலே 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குழாய் கை பொறுக்காத சூடாகும். அமிலம் மற்றதையெல்லாம் கரித்துவிடும், கொழுப்பை மட்டும் தொடாது. சுற்றி எடுத்து 65 டிகிரி வெந்நீரில் வைத்துப் பார்த்தால் கறுப்புக்கு மேலே பொன்னிறமாக ஒரு விரற்கடை நிற்கும். 6.8 என்றால் 6.8. தலைவர் வீட்டுப் பால் என்று 7 எழுதினதில்லை. அந்தக் கையோடுதான் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டுக்குக் கோடு போட்டேன்.

ஒரு நாளைக்கு ஊத்துக்குளி வெண்ணெய் 60 கிராம், நெய் 30 கிராம், காங்கயத்துச் செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய் 30 மில்லி. வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் கழியும், அதெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்தம் 106 கிராம் கொழுப்பு, 1,000 கலோரிக்குக் கொஞ்சம் கீழே. மூன்று வேளையாகப் பிரித்து, வரக்காப்பியில் அடித்துக் குடிப்பது. சர்க்கரை கிடையாது. உப்புப் போட்ட தண்ணீர் இடையிடையே.

முதல் நாள் காலை 174. வெண்ணெய்க் காப்பி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 161. அம்மணி, பதினோரு வருஷத்தில் சாப்பிட்ட பிறகு சர்க்கரை இறங்கி நான் பார்த்ததே இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று இன்னொரு விரலைக் குத்தினேன், 158. சாயந்திரம் 133. இரண்டாம் நாள் தலைவலி, வயிற்றைப் புரட்டல், எண்ணெயாகக் கொல்லைக்குப் போனது. அதை விவரமாக எழுத வேண்டாம். உங்கம்மா, "ஏனுங்க, வாயில அழுகின பழ வாசம் வருது" என்று தலையணையைத் திருப்பிப் போட்டாள். கொழுப்பு எரிகிற வாசம்தான் அது என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் காலை 126. குளித்துவிட்டு எப்போதும் போல மாத்திரை போட்டேன். அங்கேதான் தப்பு. மெட்பார்மினோடு கிளிமிபிரைடு என்று ஒன்று போடுகிறேன் இல்லையா, அது கணையத்தைக் கசக்கி இன்சுலின் வரவழைக்கும் மாத்திரை. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்யும்.

நாலு மணிக்குச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காய் கையில் இருக்கிறது, அது வேண்டுமா வேண்டாமா என்று யோசனை ஓடவில்லை. விலை கேட்டேன், அந்தப் பொண்ணு சொன்னது காதில் விழுகிறது, எண்ணாக மாறவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கிக் காயைக் கூடைக்குள்ளேயே விட்டுவிட்டேன். டீக்கடைத் தம்பிதான், "ஏனுங்ணா இப்படி வேர்க்குது" என்று பெஞ்சில் உட்கார வைத்தான். பையில் மெஷின் இருந்தது. குத்திப் பார்த்தால் 54. நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட பாலில்லா டீயை ஒரே மடக்கில் குடித்தேன். கால் மணி நேரம் கழித்து 79.

அந்த 54ஐ நான் நோட்டில் எழுதவில்லை. சாயந்திரம் 4 மணிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு விட்டுவிட்டேன். பால் சங்கத்தில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நானே மெமோ கொடுத்திருப்பேன். நீ பதினெட்டு நிமிஷம் திட்டினதில் இது மட்டும் இல்லை, ஏனென்றால் உங்கம்மாவுக்கே இது தெரியாது. இப்போது எழுதிவிட்டேன், சிவப்பு மையில்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். நோட்டை நீட்டினேன், 54ஐயும் வாயால் சொன்னேன். அந்த மாத்திரை லேசில் விடாது, டீ குடித்துச் சரியானதும் ராத்திரித் தூக்கத்தில் மறுபடி இறக்கியிருக்கலாம், அப்போது யார் டீ தருவது என்றார். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். "செய்யாதீங்கன்னா ஒளிச்சுச் செய்வீங்க. என் கண்ணு முன்னால செய்யுங்க" என்று சொல்லி, கிளிமிபிரைடை நிறுத்தி, கிட்னி பார்த்து, கொழுப்பு பார்த்து, மூன்று நாள் அனுமதி கொடுத்தார். தினமும் ஆறு தடவை பார்க்க வேண்டும், 70க்குக் கீழே வந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும்.

நம் எதிர்வீட்டு அண்ணன் தானும் செய்கிறேன் என்று கிளம்பினார். அவர் போடுவது டாபாகிளிப்ளோசின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை. அதைப் போடுகிறவர் சோற்றை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம், மெஷினில் சர்க்கரை நல்லாத்தான் காட்டும், ஆள் ஐசியூவில் கிடப்பார் என்றார் டாக்டர். அண்ணனை நான் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பினேன்.

இரண்டாம் தடவை ஒரு விபரீதமும் இல்லை. ராத்திரி 3 மணிக்கு எழுந்து பார்த்தேன், 109. 6 மணிக்கு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், 131. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். விடியும்போது உடம்பை எழுப்பச் சுரக்கிற சில சுரப்புகள் ஈரலைத் தட்ட, ஈரல் சர்க்கரையைத் திறந்துவிடுகிறதாம். இருப்புத் தீர்ந்தால் புதிதாகவே செய்யும், கொழுப்பில் இருக்கிற கிளிசரினிலிருந்துகூட. நான் பத்து வருஷமாக ராத்திரிச் சப்பாத்தியை அல்லவா குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயந்திரம் 98. இரட்டை இலக்கம்! உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்கு மூணு நாள் பட்டினி கெடக்கோணுமாக்கும்" என்று போய்விட்டாள்.

நாலாம் நாள் காலை வெற்றிவிழா மாதிரி மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. இரண்டு மணி நேரம் கழித்து 243.

அந்த எண்ணை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. முன்னெல்லாம் அதே மூன்று இட்லிக்கு 200, 210தான் வரும். டாக்டர் சிரித்தார். மாவே வராத உடம்பு கொழுப்புக்குப் பழகிக்கொள்கிறது, திடீரென்று இட்லி வந்தால் திணறும். குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்டுக்கு முன்னால் மூன்று நாள், தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வதே இதனால்தானாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறவை நின்ற மாட்டுக்கு நோய் இருக்கிறதா என்று பால் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மாவு போடாததால் சர்க்கரை ஏறவில்லை. அவ்வளவுதான்.

இன்சுலின் வருவதற்கு முன்னால் நியூயார்க்கில் ஆலன் என்ற டாக்டர் பட்டினி போட்டே பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தார். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்ட லியோனார்டு தாம்ப்சனுக்கு 14 வயது, எடை 30 கிலோகூட இல்லை. பட்டினி அந்தப் பையன்களுக்கு நாள் வாங்கித் தந்தது. குணமாக்கவில்லை. இதை நான் முதலிலேயே படித்தேன், படித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

அப்புறமும் ஒன்றரை மாதம் காலையில் வெண்ணெய்க் காப்பியை மட்டும் விடாமல் குடித்தேன். கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்டிஎல் 106லிருந்து 148 ஆனது. அன்றோடு அதையும் நிறுத்தியாயிற்று. மிச்ச வெண்ணெயை உங்கம்மா உருக்கிவிட்டாள்.

இப்போது என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பாய். காலையில் ஒரு இட்லி, இரண்டு முட்டை. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, காயும் கீரையும் அதைவிட அதிகம். அரிசிம்பருப்பு சோறு மாதம் ஒரு தடவை, நெய்யோடு, அதை எந்த டாக்டரும் பிடுங்க முடியாது. ராத்திரி சாப்பிட்டதும் வாய்க்கால் வரைக்கும் நடை. கிளிமிபிரைடு இல்லாமலே, போன வாரம் பார்த்த மூன்று மாதச் சராசரி 7.2. இன்சுலின் பேச்சு இப்போதைக்கு இல்லை. வந்தால் போட்டுக்கொள்வேன், அப்பாரு மாதிரி தள்ளிப்போட மாட்டேன்.

சரி, இவ்வளவும் என் நியாயத்துக்காக எழுதவில்லை. போனை வைக்கும் முன் குரலை இறக்கி, "எத்தன கிலோப்பா கொறஞ்சுது?" என்று கேட்டாயே, அதற்காக எழுதுகிறேன். மூன்று நாளில் 2.6 கிலோ. பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கிற சர்க்கரை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், இது போனால் அதுவும் போகும். இட்லி உள்ளே போனதும் ஒரு வாரத்தில் இரண்டு கிலோ திரும்பி வந்தது. நீ அதை நினைக்கவே வேண்டாம்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது உனக்கு ஏழாம் மாதம் சர்க்கரை வந்தது. பிரசவத்தோடு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்து குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். நீ போகவில்லை. பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. அப்படி வந்து போனவர்களுக்குப் பின்னால் சர்க்கரை வருவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும் என்று நம் டாக்டர் சொன்னார். உன் பேரைச் சொல்லித்தான் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இந்த வாரமே ஒரு காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போ. அதற்கு முன் மூன்று நாள் சோறும் இட்லியும் வழக்கம் போலச் சாப்பிடு, என்னை மாதிரி செய்துவிட்டுப் போகாதே. என் நோட்டில் கடைசிப் பக்கத்தை உனக்காகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தேதி, வெறும் வயிறு, இரண்டு மணி நேரம், மூன்று கட்டம். என்ன வந்தாலும் அதையே சொல்லு. அப்படியே எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா