உலுகுரு மலைக் கூன்வண்டின் விவரணத்துக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். தான்சானியாவின் உலுகுரு மலைக்காட்டில் சருகுக்கு அடியில் வாழும் ஒரு கூன்வண்டைப் புதிய சிற்றினமாக விவரிக்கும் கட்டுரையைச் சென்ற வாரம் ஆய்விதழுக்கு அனுப்பிவைத்தேன். வண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கேழ்வரகு மணியை விடச் சற்றே பெரியது. அதற்கு இட்ட பெயரை இங்கே எழுதவில்லை. விவரணம் வெளிவருமுன் பெயர் மட்டும் அச்சேறினால், விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி அது செல்லுபடியாகாத வெற்றுப்பெயராகிவிடும். நன்றி சொல்வதற்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. சிற்றினப் பெயரை அடுத்து விவரித்தவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படுவது மரபு. அங்கே இடம்பெறப்போகிற என் ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதைப் பலரும் அறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கென்யாவின் டைட்டா குன்றுகளில் தொடங்கித் தான்சானியாவின் உட்சுங்வா வரை வில்லாக வளைந்து கிடக்கும் கிழக்கு வில் மலைகளில் உலுகுருவும் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று இந்த மலைகளை நனைக்கிறது; மலைக்கும் மலைக்கும் இடையிலோ வறண்ட புல்வெளிகள். பின்சிறகை இழந்துவிட்ட சருகு வண்டுகளால் அந்த வறட்சியைக் கடக்க முடியாது என்பதால், ஒவ்வொரு மலையிலும் ஒவ்வொரு இனமாகப் பிரிந்துபோகின்றன. லுபாங்கஸ் என்னும் கூன்வண்டுப் பேரினம் 2017இல் விவரிக்கப்பட்டபோது, அதன் மூன்று சிற்றினங்களும் ஒன்றோடொன்று கலவாத தனித்தனி வாழிடங்களைச் சேர்ந்தவையாகவே இருந்தன. எங்கள் வண்டும் இதே வழியில் வந்ததுதான்.

ஆய்வு அனுமதி வழங்கிய தான்சானிய அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்துக்கும், காட்டுக்குள் உடன்வந்த வனக் காவலர்களுக்கும் என் நன்றி. மலையடிவார நகரான மொரோகோரோவிலிருந்து மேலே ஏறிச் சென்று நாங்கள் தங்கிய சிற்றூரின் லுகுரு மக்களுக்குப் பட்டிருக்கும் கடன் அதைவிடப் பெரியது. எங்களுக்கு வழிகாட்டிய முதியவருக்கு, காலையில் "ஷிகமோ" என்று வணக்கம் சொல்லி, அவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொண்ட பிறகே எங்கள் வேலை தொடங்கும். பாதையோரச் சருகை வாரிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, பெருமரங்களின் பலகைவேர்கள் மண்ணோடு சேரும் இடுக்கில் கறுத்து மக்கிக் கிடந்த அடிச்சருகைக் கையால் அள்ளிக் காட்டியவர் அவர். ஏழு மாதிரிகளும் அத்தகைய இடுக்குகளிலிருந்துதான் கிடைத்தன.

சலித்த சருகை வலைப்பையில் இட்டு, அதை விங்க்லர் கூம்புத் துணிக்குள் தொங்கவிட வேண்டும். சருகு காயக் காய, ஈரம் தேடிக் கீழிறங்கும் பூச்சிகள் அடியிலுள்ள சாராயக் குப்பியில் விழும். அந்த வாரமோ மழை விடவே இல்லை. கூடாரத்துக்குள் சருகு காயாமல் பூசணம் பிடிக்கத் தொடங்கியது. அதைப் பார்த்த ஓர் அம்மையார், தாம் சோளம் உலர்த்தும் அறையையே ஒழித்துக் கொடுத்தார். மூன்று இரவுகள் எங்கள் பைகள் அவர் வீட்டு உத்தரத்தில் தொங்கின. காற்றில் கூடப் பை ஆடக் கூடாது, ஆடினால் குப்பியில் மண் கொட்டும் என்று நான் ஒருமுறை சொன்னதை மனத்தில் வைத்து, சன்னலைச் சாக்கால் மறைத்துவிட்டுப் பிள்ளைகளை வேறு வீட்டில் படுக்கவைத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் குப்பியைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் செம்பழுப்பாய் ஒரு துகள் கிடந்தது. பின்னாளில் ஹோலோடைப், அதாவது சிற்றினப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி, ஆனது அதுதான்.

1957இல் பூச்சியியலாளர்களான பசிலெவ்ஸ்கியும் லெலூப்பும் கிழக்கு ஆப்பிரிக்காவில் திரட்டிய மாதிரிகளைப் பேணிவரும் பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தாருக்கு நன்றி. "புண்டுகி, உலுகுரு" என்று இடம் குறித்த, அந்த மாதிரிகளின் பழைய சீட்டுகளைக் கையில் ஏந்திப் பார்க்கக் கிடைத்ததை என் பேறாகவே கருதுகிறேன்.

ஆய்வகத்தில் எங்கள் மாதிரிகளைப் பக்குவம் செய்த அம்மையாரை எப்படிப் பாராட்டினாலும் தகும். இவ்வகை வண்டுகளில் ஆணின் புணர்ச்சி உறுப்பின் வடிவமே சிற்றினத்தைப் பிரித்துக்காட்டும் முதன்மை அடையாளம். ஏழில் ஆண் இரண்டே. முதல் ஆணின் உறுப்பைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தெளிவாக்கிக் கிளிசரினுக்கு மாற்றும்போது, அரை மில்லிமீட்டர் கூட இல்லாத அந்தத் துணுக்கு என் இடுக்கியிலிருந்து தெறித்துவிட்டது. "யாரும் எழுந்திருக்காதீர்கள்" என்று சொல்லி மின்விசிறியை நிறுத்திய அவர், மேசையைச் சாண் சாணாக உருப்பெருக்கியால் துழாவினார். நாற்பது நிமிடம் கழித்து என் சட்டைக் கையின் மடிப்பில் அதைக் கண்டு, நனைத்த மயிர்த்தூரிகையின் நுனியால் ஒற்றி எடுத்துத் தந்தார். கட்டுரையின் மூன்றாம் படத்தில் இருப்பது அதே துணுக்குதான்.

வரைவைப் படித்துப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். "கண்கள் இல்லை" என்று முதலில் எழுதியிருந்தேன். தலை முழுவதும் ஊசிக்குழிகள் போன்ற புள்ளிகள் இருந்ததால், ஒளி நுண்ணோக்கியில் எனக்கு வேறொன்றும் தென்படவில்லை. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, மூக்கின் அடிப்புறத்தை ஒட்டிய ஒரு புள்ளி மட்டும் குழியாமல் மேடாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, மின்னணு நுண்ணோக்கியில் மறுபடி பார்க்கச் சொன்னார். பக்கத்துக்கு ஒன்றாக, பூச்சியின் கூட்டுக்கண்ணை ஆக்கும் சிற்றலகான கண்ணறை ஒன்றே ஒன்று இருந்தது! வெளிச்சம் எட்டாத சருகுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, மற்ற கண்ணறைகளையெல்லாம் இழந்துவிட்ட உயிரிடம் எஞ்சிய கடைசி ஒன்று அது. இருப்பதை இல்லை என்று எழுதிவிடுவது வகைப்பாட்டில் பெரும்பிழை. அதிலிருந்து அவர் என்னைக் காத்தார். இப்போது அந்த வரி "ஏறத்தாழக் கண்ணற்றது, பக்கத்துக்கு ஒரு கண்ணறை" என்று இருக்கிறது.

கால் ஒன்றை மட்டும் எடுத்து, மாதிரிக்கு வேறு சேதமின்றி டி.என்.ஏ. வரிசையைப் பெற்றுத்தந்த நண்பர்களுக்கும், மலைகளின் வரைபடத்தைத் தீட்டிய மாணவிக்கும் அன்பும் நன்றியும்.

இம்மடலின் சுவாகிலி வடிவத்தை ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். வண்டின் படத்தை ஒரு முழம் நீளத்துக்குப் பெரிதாக்கி, அந்த ஒற்றைக் கண்ணறையை அம்புக்குறியிட்டுக் காட்டி, அதையும் உடன் வைத்திருக்கிறேன். பைகள் தொங்கிய அறையின் சுவரில் அதை மாட்டிக்கொள்வதாக அந்த அம்மையார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நன்றியுடன்,
விவரணக் கட்டுரையின் ஆசிரியர்