பணம் கட்டுமுன் கேட்க ஒரு மேசை: பிரதேச செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 'வீட்டிலிருந்தே இணையவழி வருமானம்' என்ற பெயரில் நமது நகரின் பொது மண்டபத்தில் அண்மையில் நடந்த கூட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அலுவலக உத்தியோகத்தர் ஒருவர் அந்த மேடையில் குத்துவிளக்கேற்றினார். அந்தப் படம் அன்று இரவே தேயிலைத் தோட்டங்களின் வட்ஸ்அப் குழுக்கள் எங்கும் சுற்றியது. அதை நம்பிப் பணம் கட்டியவர்கள் பணத்தை இழந்தார்கள். கூட்டம் நடத்தியவர்களின் தொலைபேசி இலக்கங்கள் இப்போது இயங்கவில்லை என்பதும், முறைப்பாடுகள் தங்கள் பார்வைக்கு வந்துள்ளன என்பதும் தங்களுக்குத் தெரிந்தவையே. ஆகவே நடந்ததை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியை நான். ஏமாந்தவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். ஒரேயொரு கோரிக்கையை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். இணையத்தில் வரும் வருமான வாய்ப்பொன்று மெய்யா பொய்யா என்று, பணம் கட்டுவதற்கு முன் மக்கள் வந்து கேட்பதற்கு, தமிழில் பதில் சொல்லும் ஒரு மேசை பிரதேச செயலகத்தில் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் நிலையை மட்டும் சொல்கிறேன். தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஐம்பது வயது கடந்ததும் வேலையிலிருந்து விலகி, ஊழியர் சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டார். அவருடைய சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தோட்ட நிர்வாகத்திடமிருந்து 12 சதவீதமுமாக மாதாமாதம் சேர்ந்த பணம் அது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்வதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு அது எத்தனை பெரிய தொகை என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மகள் உயர்தரம் வரை படித்தவள். கைக்குழந்தை இருப்பதால் கொழும்புக்கு வேலைக்குப் போக முடியாது. கூட்டத்தில் கொடுத்த இணைப்பின் வழியே அவள் டெலிகிராம் குழுவொன்றில் சேர்ந்தாள். ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் இடுவதும் காணொளிகளுக்கு விருப்பக்குறி போடுவதும்தான் வேலை என்றார்கள். முதல் நாளே 900 ரூபா அவளுடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. பிறகு 5,000 ரூபா கட்டினாள்; அன்று மாலையே 6,500 ரூபாவாகத் திரும்பி வந்தது. அதன் பின்னர் கட்டிய எதுவும் திரும்பவில்லை.

அவள் என்னிடம் தொலைபேசியை நீட்டியபோது, கண்ணாடி விரிசல் விட்டிருந்த திரையில் 'உங்கள் இருப்பு 4,12,600 ரூபா' என்று பச்சை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பணத்தை எடுப்பதற்கான பொத்தான் மங்கலாக இருந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. 'அன்புள்ள அக்கா, 15 சதவீத வரியாக 61,890 ரூபா செலுத்தினால் அரை மணித்தியாலத்தில் முழுத் தொகையும் வந்துவிடும்' என்று, பிழையில்லாத தமிழில் ஒரு செய்தி. அந்த வரிக்காகத் தாயின் தோடு அடகுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு தனிநபரின் வங்கிக் கணக்கில்தான் அவள் பணம் போட்டிருக்கிறாள். நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்குக்கூட இல்லை. விடயம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், இரண்டாவது பற்றுச்சீட்டைப் பார்த்தவுடனேயே 'இத்தோடு நிறுத்து' என்று சொல்லியிருப்பார். அந்த ஒருவரைத்தான் தங்களிடம் கேட்கிறோம்.

பணம் போன பிறகு அவள் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பமிட்டுவிட்டு வந்தாள். இணையக் குற்றமென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். இன்னோர் அரச அலுவலகத்தில், 'பேராசைப்பட்டால் இப்படித்தான்' என்ற பதில் கிடைத்தது. இந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால், கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஏனென்று கேட்கிற பெண்கள் இவர்கள். அரச உத்தியோகத்தர் விளக்கேற்றிய கூட்டத்தை நம்பியதற்குப் பெயர் பேராசை அல்ல. அரசாங்கத்தின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கை அது.

மேடையில் நிறுவனப் பதிவுச் சான்றிதழ் ஒன்றை உயர்த்திக் காட்டினார்கள், சபை கைதட்டியது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவுசெய்வதால் ஒரு நிறுவனத்துக்குப் பெயரும் இலக்கமும் கிடைக்கின்றனவே தவிர, பொதுமக்களிடம் வைப்புப் பெறும் உரிமை கிடைப்பதில்லை. அதற்கு, 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். 'மூன்று பேரைச் சேர்த்தால் மேலதிகக் கொடுப்பனவு' என்றும் அதே மேடையில் சொன்னார்கள். ஆள் சேர்ப்பதிலேயே வருமானம் தங்கியிருக்கும் பிரமிட் திட்டங்களை நடத்துவது மட்டுமன்றி, அவற்றை ஊக்குவிப்பதும் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி குற்றமாகும். தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகக் கண்டறியப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கியே வெளியிடுகிறது. மத்திய வங்கியை 1935 என்ற இலக்கத்தில் அழைத்தும் கேட்கலாம். இவையெல்லாம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். மண்டபத்துக்கு அனுமதி கொடுத்தவர்களுக்கும், விளக்கேற்றப் போனவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

இதைவிட அச்சமூட்டும் ஒன்று இப்போது நடக்கிறது. 'பணம் கட்ட வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொடுத்தால் போதும், மாதம் ஒரு தொகை தருகிறோம்' என்று உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பையன்களைத் தேடி வருகிறார்கள். ஏமாற்றப்பட்டவர்களின் பணம் அந்தக் கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. விசாரணை வரும்போது முதலில் தேடப்படுபவர் கணக்குக்குச் சொந்தக்காரர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்ல யாருமில்லை.

வீட்டிலிருந்து உழைக்க நினைப்பது தவறல்ல. எங்கள் பகுதியில் முகநூலில் விளம்பரம் செய்து சட்டை தைத்துக் கொடுக்கிறவர்கள், கேக் செய்து விற்கிறவர்கள், இணையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் தருபவர் வாடிக்கையாளர். வேலை கிடைப்பதற்காக அவர்கள் யாருக்கும் பணம் கட்டவில்லை. ஆனால் அப்படி நேர்மையாகத் தொழில் செய்யும் ஒரு பெண் தன் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்ய வந்தால், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் எங்கே, இடத்துக்கான உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்கப்படுகிறது. தன் பெயரில் இல்லாத லயன் அறைக்கு எந்த உறுதிப் பத்திரத்தை அவள் காட்டுவாள்? மலையகத்துக்கு எங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023 இல் நாடே நினைவுகூர்ந்தது. இன்றும் எங்களில் பலருக்குக் கடிதம் வருவது தோட்ட அலுவலகம் வழியாகத்தான். உழைத்துப் பிழைக்க வருகிறவளிடம் இத்தனை ஆவணங்களைக் கேட்கும் நிர்வாகம், மண்டபம் கேட்டு வந்தவர்களிடம் மத்திய வங்கியின் உரிமம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காணியும் முகவரியும் தங்கள் ஒருவரால் தீர்த்துவைக்கக்கூடிய விடயங்கள் அல்ல என்பதை அறிவேன். ஆதங்கத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். நாங்கள் கேட்பது தங்களால் செய்யக்கூடியதே. புதிய கட்டடமோ புதிய நியமனமோ வேண்டாம். பொதுமக்கள் சந்திப்பு நாளிலேனும், தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் ஒரு மேசையில் இருந்தால் போதும். தொலைபேசியில் வந்த விளம்பரத்தை மக்கள் காட்டுவார்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது, பொருளை வாங்குபவரிடமிருந்தா, புதிதாகச் சேர்பவரிடமிருந்தா? வேலை தருகிறவர் எதற்காக முதலில் பணம் கேட்கிறார்? கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? அந்த உத்தியோகத்தர் இவற்றைக் கேட்டு, மத்திய வங்கியிடமும் விசாரித்து, 'கட்டாதே' என்றோ 'பொறுத்துப் பார்' என்றோ சொன்னால் ஒரு குடும்பத்தின் சேமலாப நிதி தப்பும். அந்த மேசையின் பரிசோதனை முடியும் வரை இத்தகைய கூட்டங்களுக்கு மண்டபமும் வழங்கக் கூடாது, உத்தியோகத்தர்களும் மேடையேறக் கூடாது.

இன்னொரு பெயரில், அதே வகைக் கூட்டமொன்றுக்கான துண்டுப்பிரசுரம் பஸ் நிலையச் சுவரில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்னதாக அந்த மேசையைத் திறந்து, அதன் நாளையும் நேரத்தையும் தமிழில் எழுதித் தோட்ட அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் ஒட்டச் செய்யுமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.