எங்கள் ஆசிரியரின் குரலை மீட்டுத் தந்தவருக்கு நன்றி

எங்கள் பாட்டு ஆசிரியர் மறைந்த பிறகு எங்களிடம் மிஞ்சியவை வகுப்பில் பதிவு செய்த சில கேசட்டுகள்தான். எல்லாம் 90 நிமிடக் கேசட்டுகள். 60 நிமிடக் கேசட்டை விட இவற்றில் நாடா மெல்லியது. சுலபமாக நீளும், சிக்கும். ஒன்றில் நாடாவை ஹெட்டோடு (பதிவைப் படித்து ஒலியாக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டே உதிர்ந்துவிட்டது.

நண்பர் மூலம் அவற்றை வாங்கிப் போனவர் நீங்கள். நாடாவைப் பழைய கூட்டிலிருந்து எடுத்து வேறு கூட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஹெட்டின் சாய்வைத் தனியாகச் சரிசெய்து கணினியில் ஏற்றியிருக்கிறீர்கள். சாய்வு துளி பிசகினாலும் குரல் மங்கிப்போகும் என்பதே உங்கள் குறிப்பைப் படித்துத்தான் எங்களுக்குத் தெரியும். இரைச்சலை முழுக்க நீக்காமல் விட்டதற்குத் தனி நன்றி. நீக்கியிருந்தால் அவர் மூச்சு வாங்கும் ஓசையும் கூடவே போயிருக்கும்.

ஒரு பதிவில் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்துக் காட்டிவிட்டு, "இன்னொரு தடவை, அவசரமே இல்லை" என்கிறார். அதுதான் அவர். ஆசிரியர் என்பதைவிட நண்பர். பாடம் முடிந்த பிறகும் ஓவியம், நாடகம், கவிதை என்று பேச்சு ஓயாது. மேடை கிடைக்காத பிள்ளைகளுக்காக யாரிடமும் போய் நிற்பார். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை.

பணமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். சரி, பெயர் போடவில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. பதிவுகளை அவருடைய மாணவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். அவரைப் பார்த்தேயிராத பிள்ளைகளும் இப்போது அவரிடம் பாடம் கேட்கிறார்கள். எங்கள் எல்லோர் சார்பிலும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி.