ஆவுளியாவையும் எண்ணுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையினருக்கு வணக்கம்.

வரையாட்டுக்கு நீங்கள் செய்துவருவதை மனதாரப் பாராட்டுகிறேன். 2022-இல் அதற்கெனத் தனித் திட்டம், 25 கோடி ரூபாய் நிதி, பிறகு முறையான கணக்கெடுப்பு. 2024-இல் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. முக்கூர்த்தியில் எப்படி, ஆனைமலையில் எப்படி என்று இன்று பேச முடிகிறது.

அதே 2022-இல்தான் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தீர்கள். நாட்டிலேயே முதலாவது. ஆனால் அந்தக் கடற்பசு, அதாவது ஆவுளியா, எத்தனை என்று கேட்டால், இந்தியக் கடல் முழுவதற்கும் சில நூறு என்ற மதிப்பீட்டைத் தாண்டி எதுவும் கைக்கு வருவதில்லை.

இரண்டும் புல்லை நம்பி வாழ்பவை. மற்றபடி உறவே கிடையாது. வரையாடு மாட்டுக் குடும்பம். செம்மறிக்கு நெருக்கமானது என்று 2005-இல் மரபணு ஆய்வு காட்டியபின் தனிப் பேரினமானது. ஆவுளியாவுக்கு நெருங்கிய நில உறவு யானை. அதன் குடும்பத்தில் அண்மைக்காலம் வரை இருந்த இன்னொரு இனம் ஸ்டெல்லர் கடற்பசு. 1741-இல் கண்டறியப்பட்டு, 27 ஆண்டுகளில் வேட்டையாடி ஒழிக்கப்பட்டது.

உயிரினங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியலில் வரையாடு 'அருகிய இனம்'. ஆவுளியா ஆபத்தில் அதைவிட ஒரு படி குறைவான 'அழிவாய்ப்பு இனம்'. இந்தப் படியை வைத்து முன்னுரிமை தீர்மானித்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியக் கடலில் பல்லாயிரம் இருப்பதால் வந்த நிலை அது. பாக் விரிகுடாவின் நிலை அல்ல. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்பசுக்களை 2022-இல் தனியாக மதிப்பிட்டபோது 'மிக அருகிய' நிலை என்று தெரியவந்தது. நம் கடலுக்கும் அப்படியொரு தனி மதிப்பீடு வேண்டும், இலங்கையையும் சேர்த்துக்கொண்டு. மன்னார் வளைகுடாவில் மேயும் உயிருக்குக் கடல் எல்லை தெரியாது.

கடலில் எண்ணுவது கடினம்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டி மூச்சுவாங்கிவிட்டு உள்ளே போய்விடும். வலையில் சிக்கினால் அந்த மூச்சும் கிடைக்காமல் மூழ்கிச் சாகும். சில ஆண்டுகளுக்கு ஒரு குட்டி ஈனும் இனத்தில் ஒரு தாயின் சாவு எளிதில் ஈடாகாது.

அதனால் கணக்கெடுப்புக் குழுவில் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி மீனவர்களைக் கூலியோடு சேருங்கள். வலையை அறுத்து ஆவுளியாவை விடுவிப்பவருக்கான தொகை, வலையின் விலைக்குக் குறையாமல் அந்த மாதமே கைக்குப் போகட்டும். கடற்புல் படுகைகளில் இழுவைமடி ஓடாமல் பாருங்கள். அடுத்த வரையாட்டுக் கணக்கு வெளியாகும் ஆண்டில் ஆவுளியாவின் கணக்கும் வெளியாக வேண்டும்.

அன்புடன்,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒருவன்