கூப்பிட்டால் போ, குணா

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பு குணா,

உன் கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே ஒரு கிழமையாக விடாத மழை. மகள் பேராதனையில் இரண்டாம் வருடம். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். போரில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரைப் பற்றிய ஆய்வொன்றைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி, மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழு உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. "வாக்கு இல்லையாம், பிறகு எதற்குப் போவது?" என்று எழுதியிருக்கிறாய். கட்டாயம் போ. வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு வாக்கில்லை என்பது அமெரிக்க விதிகளிலும் உண்டு. முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியது குழு. உன்னிடம் கேட்பது உனக்குத் தெரிந்ததை.

2001இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஓர் ஆஸ்துமா ஆய்வு நடந்தது. நோயொன்றுமில்லாத 24 வயதுப் பெண் ஹெக்ஸாமெதோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தாள். ஒரு மாதத்துக்குள் நுரையீரல் பழுதாகி இறந்துபோனாள். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆய்வாளர் தேடிய மருத்துவக் கட்டுரைகளின் கணினித் தொகுப்போ 1966க்கு முன்னால் போகவில்லை. குழுவும் அனுமதி கொடுத்துவிட்டது. பழைய மருந்தியல் ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எங்கள் குழுவிலும் ஒன்று நடந்தது. தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை பற்றிய ஆய்வு. வைத்தியர்கள், ஒரு சட்டத்தரணி, நான், எல்லோரும் படித்துவிட்டுச் சரி என்றோம். தலைவர் மட்டும், "இங்கே யாராவது தோட்டத்தில் இருந்திருக்கிறோமா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் ஹற்றனிலிருந்து வந்தார். ஆய்வில் சேரும் பெண்களுக்குக் கொடுக்கும் தகவல் தாளை விரலால் தொட்டுத் தொட்டு வரிவரியாக வாசித்தவர், ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். "காலையில ஒன்பது மணிக்கா ரத்தம் எடுக்கிறீங்க? அந்த நேரம் மலையில இருந்து இறங்கிட்டா கொழுந்து நிறுவை குறைஞ்சிரும். அரைப்பேர்தான் விழும்." அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். அப்புறம் கேட்டார்: "யாரு கூட்டிட்டு வர்றது? கங்காணியா? அவரு சொன்னா மாட்டேன்னு எந்தப் புள்ள சொல்லும்?"

சம்மதப் படிவத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை, குணா. ஆனாலும் அது சம்மதமில்லை. இரத்தம் எடுக்கும் நேரம் மாலை நிறுவைக்குப் பிறகு என்று மாறியது, கங்காணியும் விலக்கப்பட்டார். அந்த அம்மாவுக்கும் வாக்கு இருக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனி. நம்முடையது சின்ன நாடு. ஆய்வாளர் உன் மாணவராகவோ உன்னோடு சேர்ந்து வேலை செய்தவராகவோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. ஆவணங்களை வேறு யாருக்கும் காட்டாதே.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்குக் கேள்வித்தாளோடு வந்து போனவர்களைப் பார்த்துக் களைத்தவன் நீ. கேட்டவர் வாகனமேறிப் போன பிறகு அன்றிரவு அந்தத் தாயோடு யார் இருப்பார்கள் என்று நீதான் என்னிடம் கேட்டாய். அதை அங்கே கேள். எழுத்திலும் கொடு, கூட்டக் குறிப்பில் ஏறும்.

முதல்நாளே வந்துவிடு. எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். கோட்டை ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
ரவி