மருத்துவக் கஞ்சா: முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது

நாடுகளின் சுகாதார அமைச்சகங்களுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கஞ்சாவிலிருந்து பெறப்படும் மருந்தை அனுமதிக்கக் கோரும் நோயாளிகளுக்கு, "சர்வதேச உடன்படிக்கை இடம் தரவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் எழுதி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1961 ஆம் ஆண்டின் போதைப்பொருள் உடன்படிக்கை மருத்துவப் பயன்பாட்டுக்கு எப்போதுமே இடம் விட்டிருக்கிறது. மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் கஞ்சா இருந்த காலத்திலும், முழுத் தடை வேண்டுமா என்பதை அந்தந்த நாடே தன் சூழ்நிலையைப் பார்த்து முடிவுசெய்யலாம் என்றுதான் அதில் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018 இல் சான்றுகளை ஆராய்ந்து தந்த பரிந்துரைகளில் ஒன்றை மட்டும், 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்குகளில் ஏற்று, கஞ்சாவை அப்பட்டியலிலிருந்து நீக்கியது; கட்டுப்பாடுகளுடன் மருத்துவப் பயன்பாட்டுக்கு இடம் தரும் முதல் பட்டியலில் அது இன்றும் தொடர்கிறது. பரிந்துரைத்தவர்கள் மருத்துவ வல்லுநர்கள். வாக்களித்தவை உங்களுடையதைப் போன்ற அரசுகள். ஆகவே, வியன்னாவில் கூடும் அந்த ஆணையத்தின் முடிவை வெளியிலிருந்து வந்த கட்டளையாகக் காட்டுவது நேர்மையாகாது.

அந்த வாக்கெடுப்பு எல்லா நோய்க்கும் கஞ்சா மருந்து என்று சான்றளிக்கவும் இல்லை. டிராவெட் நோய்க்குறி போன்ற கடும் வலிப்பு நோய்களில், கஞ்சாவிலுள்ள கன்னாபிடியால் என்ற வேதிப்பொருள் பயன் தருவது முறையான மருத்துவச் சோதனைகளில் தெரியவந்தது; வணிகர்கள் சொல்லும் மற்றப் பலவற்றுக்கு அத்தகைய சான்று இல்லை. உடன்படிக்கையைவிடக் கடுமையான விதிகளை வகுக்க உங்களுக்கு உரிமையுண்டு என்பதையும் மறுக்கவில்லை. அப்படிச் செய்தால், காரணத்தை உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் இத்தகைய மருந்துகளில் தனக்குள்ள மருத்துவத் தேவையின் மதிப்பீட்டை அனுப்புகிறது. அந்த அளவைத் தாண்டி அந்நாட்டுக்கு ஏற்றுமதி செய்யப் பிற நாடுகளுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோயால் தசை இறுகித் தவிப்பவருக்கு மருத்துவர் கஞ்சாச் சாற்று ஸ்பிரே எழுதித் தந்தாலும், மதிப்பீட்டில் அதற்குரிய அளவு இல்லையென்றால் மருந்து வந்து சேராது. அந்த எண்ணை எழுதுவது உங்கள் அலுவலகம். துணை மதிப்பீடு அனுப்பித் திருத்தவும் வழியுண்டு.

உங்கள் வல்லுநர் குழுவின் ஆய்வையும், அனுப்பிய மதிப்பீட்டையும், மறுக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்குமான மருத்துவக் காரணத்தையும் மக்கள் படிக்கும்படி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.