வீட்டுக்குத் தேவை வாயடங்கிய ஆன்டிவைரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இணைப்பிதழில் வீட்டுக் கணினிக்கு ஏற்ற ஆன்டிவைரஸ் எது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பத்து மென்பொருள்களை வரிசைப்படுத்தி, எதில் விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்துக்கொடுக்கும் வசதி) உண்டு, எதில் பாஸ்வேர்டு பெட்டகம் உண்டு என்றெல்லாம் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணினியின் முன்னால் தினமும் உட்காரப்போகிறவர் யார் என்ற கேள்வி மட்டும் எங்கேயும் வரவில்லை. என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பது புரியும்.

அப்பா நாற்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினால், எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் விரல் வைத்துவிடுவார். ஓய்வுக்குப் பிறகு கணினியில் உட்கார்ந்து பழைய கடிதங்களைத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறார். நான் கணக்கு எழுதுகிறவள், கணினித் துறைக்காரி இல்லை. இருந்தாலும் குடும்பத்தில் யார் கணினி வாங்கினாலும் அதைச் சரிசெய்து கொடுக்கிற வேலை என் தலையில்தான் விழும். அப்பாவின் கணினியில் காசு கொடுத்து ஒரு ஆன்டிவைரஸைப் போட்டதும் நான்தான்.

அந்த மென்பொருள் வைரஸைப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பிடித்தது. ஆனால் அதற்கு வாய் ஓயவே ஓயாது. காலையில் கணினியைத் திறந்தால் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பும். 'உங்கள் கணினி வேகம் குறைந்துள்ளது', 'உங்கள் தகவல்கள் வெளியே தெரிகின்றன', 'உடனே சரிசெய்க'. சொடுக்கினால் இன்னொரு சேவையை வாங்கச் சொல்லும் பக்கம் வரும். லைசென்ஸ் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லிச் சிவப்பு நிறத்தில் வர ஆரம்பித்துவிட்டது. அப்பா ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்து, சொன்னபடி சொடுக்கிக்கொண்டிருந்தார். அச்சகத்தில் வந்த தாளை எல்லாம் படித்துப் பழகியவர், வந்ததைப் படிக்காமல் தள்ள அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் மாலை அதே மூலையில், அதே சிவப்பில், இன்னொரு பெட்டி வந்தது. ஐந்து வைரஸ்கள் புகுந்துவிட்டன, இந்த எண்ணை அழையுங்கள் என்று இருந்தது. அப்பா அந்தப் பெட்டியைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு அழைத்துவிட்டார். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லி, கணினியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அம்புக்குறி தானாக நகர்வதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் கார்டு எண் கேட்டபோது, கார்டு அலமாரியில் இருந்தது. எடுக்கப் போனவருக்கு ஏதோ உறுத்தி என்னைக் கூப்பிட்டார். "அப்பா, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க" என்றேன். பிடுங்கிவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் அப்புறம் ஒரு மாதத்துக்கு அந்தக் கணினியை அவர் தொடவே இல்லை.

அவர் எடுத்த படத்தைப் பிறகு இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஐந்து வரிக்குள் இரண்டு எழுத்துப்பிழை. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தினமும் வர்றதுதானேம்மா, இதுவும் அதுல ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்."

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கணினியைத் தேடிப் பார்த்ததில் வைரஸ் எதுவும் இல்லை. முன்பு எப்போதோ ஒரு தளத்தில் 'அனுமதி' என்ற பொத்தானை அப்பா அழுத்தியிருக்கிறார். அதன் பிறகு அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் பிரவுசர் வழியாக அவர் திரையின் மூலையில் அறிவிப்புப் பெட்டியை அனுப்ப முடியும். பிரவுசரின் அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் போய், அறிவிப்புகளை மொத்தமாக நிறுத்தினேன். அரை நிமிஷ வேலை. பத்து மென்பொருளின் வசதிகளைச் சொன்ன கட்டுரையில் இந்த அரை நிமிஷ வேலைக்கு இடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

பயமுறுத்தி விற்கிற மென்பொருள், பயந்தவுடன் சொடுக்கும் பழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் அறுவடை செய்கிறான். அதனால் ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது, அது எத்தனை முறை வாய் திறக்கிறது என்பதைத்தான்.

அப்பாவின் கணினியிலிருந்து அந்த மென்பொருளை எடுத்துவிட்டேன். சாதாரணமாக நீக்கியும் மிச்சம் மீதி உள்ளே தங்கியிருந்தது. இதற்கென்றே ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருப்பார்கள், அதை ஓட்டிய பிறகுதான் சுத்தமாகப் போனது. இப்போது இருப்பது விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் மட்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழு ஆன்டிவைரஸாகக் கூடவே வருகிறது. வேறொன்றைப் போட்டால் ஒதுங்கிக்கொள்ளும், அதை எடுத்தால் தானே காவலுக்கு வந்துவிடும். மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் ஒரு காலத்தில் மட்டமாக இருந்தது உண்மை. 2012 கடைசியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம் அதற்குச் சான்றிதழே தரவில்லை. அந்தப் பழைய பெயரை வைத்துக்கொண்டு இன்னும் பலர் அதை மதிப்பதில்லை. அதே சோதனைக்கூடத்தில் இப்போது சில வருஷங்களாக டிஃபெண்டர் முன்வரிசை மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று தலைப்பில் தலைக்கு 6 புள்ளி, மொத்தம் 18 புள்ளி போடுகிறது. மூன்றாவது தலைப்பை யாரும் பார்ப்பதில்லை. நல்ல கோப்பைக் கெட்டது என்று சொல்லி எத்தனை முறை பொய்க்கூச்சல் போடுகிறது என்பதற்கான கணக்கு அது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸும் பொய்க்கூச்சலைத் தனியாக எண்ணி வெளியிடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்து ஒதுக்கியதில், ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தன.

இலவசமாகக் கிடைக்கும் மற்றவை? அவற்றை எடுப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கதையை வெளியே சொன்னது மாதிரி.

காசு கொடுத்து வாங்குவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. குழந்தைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், கூப்பிட்டால் பேச ஆள் வேண்டும் என்கிறவர்கள் வாங்கட்டும். வாங்கியவுடன் அதன் அமைப்புகளுக்குள் போய் விளம்பர அறிவிப்புகளை அணைக்கும் இடத்தைத் தேட வேண்டும். அப்படி ஒரு இடமே இல்லாத மென்பொருளைப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வைக்கக் கூடாது.

எந்த ஆன்டிவைரஸ் இருந்தாலும் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைக்கக் கூடாது என்பதையும் உங்கள் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகையைச் சேர்ந்தது, 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே ஒட்டுப் போட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஆன்டிவைரஸைவிட இதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். அப்பாவின் கடிதங்களை வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி வைத்துவிடுகிறோம். சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அப்பாவைத் திரும்பக் கணினி முன்னால் உட்காரவைத்தது ஒரு சின்னச் சோதனை. ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற அமைப்பு ஒரு எழுத்துத்தொடரை வைத்திருக்கிறது. 68 எழுத்து, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது. எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டால் வைரஸாகவே நினைத்துப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தாளில் அதை எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். நோட்பேடில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, மெய்ப்புப் பார்க்கிற மாதிரி இரண்டு முறை ஒப்பிட்டு, 68 சரியாக இருக்கிறதா என்று எண்ணி, சேமித்தார். டிஃபெண்டரின் பெட்டி உடனே வந்தது. சிவப்பு இல்லை, அலாரம் இல்லை, போன் நம்பர் இல்லை. ஆபத்து ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று அடக்கமாக ஒரு வரி. மேலே யார் அனுப்பியது என்ற பெயர். "அனுப்பினவன் பேரை முதல்ல பார்க்கணும், அப்படித்தானே?" என்றார் அப்பா.

அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுதும்போது பொய்க்கூச்சல் கணக்கையும், விளம்பர அறிவிப்புகளை அணைக்க வழி இருக்கிறதா என்பதையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் உள்ள நிறுவனம் எதுவும் அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் தந்திருந்தால் அதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்பா இப்போது கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் தேதி, அனுப்பியவர் பெயர், என்ன சொன்னது என்று எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் படித்துக்காட்டுவார். கடந்த மூன்று மாதத்தில் டிஃபெண்டரின் பெயருக்கு நேராக இருப்பது இரண்டே வரிகள். அதில் ஒன்று அந்த 68 எழுத்து.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி